பூனை கீது

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். கணவருக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை, குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறோம். எங்கள் மகள் இரண்டு வயது வரை ஒற்றை ஒற்றை வார்த்தையாகத்தான் பேசினாள். ஒரு நாள் வாசலைக் காட்டி, "அம்மா, பூனை கீது" என்றாள். அவள் கோத்துப் பேசிய முதல் வாக்கியம் அது. வீட்டு வேலைக்கு வரும் கன்னியம்மாவின் பேச்சு அப்படியே ஒட்டியிருந்தது. ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனார் சிரித்துவிட்டாள். எனக்கு மானமே போய்விட்டது. "இருக்குன்னு சொல்லுட்டி" என்று வாயிலேயே அடித்தேன். மறுபடியும் "கீது" என்றாள். மறுபடியும் அடித்தேன்.

அன்றிலிருந்து எதையும் கையால்தான் காட்டினாள். திருந்திவிட்டாள் என்று நினைத்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். ஸ்டவ்வில் பாலை வைத்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி நின்று, ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு அம்மாளோடு பேசிக்கொண்டிருந்தேன். குழந்தை என் பின்பக்கம் கையை நீட்டினாள். சர்க்கரை கேட்கிறாளாக்கும் என்று, "அப்புறம்" என்றேன். வாயைத் திறந்தாள். என் கையைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"யம்மா, முந்தானி எரிஞ்சிகினு கீது!" என்று அலறிக்கொண்டே ஓடிவந்து கன்னியம்மா தண்ணீரை ஊற்றினாள். புடவையோடு போயிற்று.

"ஏட்டி, பாத்துக்கிட்டுதானே நின்ன, ஏன் சொல்லல?" என்றேன். குழந்தை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இப்போது இளையவனும் "கீது" என்கிறான். "எங்கே கீது, காட்டு" என்று அவன் பின்னாலேயே போகிறேன். பெரியவள் மட்டும் இன்னமும் பேசுவதற்கு முன் என் கையைப் பார்க்கிறாள்.