கரும்புத் தோட்டத்தில் குடிக்காத தண்ணீர்

ரிஷிவந்தியம் பக்கம் கரும்பு வெட்டப் போகிற பெண்களில் குஞ்சம்மாள் வேகத்துக்கு யாரும் ஈடு கொடுக்க முடியாது. வெட்டுக்குப் போனால் பொழுது சாய்கிறவரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டாள். அவள் மட்டுமில்லை, அந்தக் கூட்டத்தில் எந்தப் பெண்ணும் குடிப்பதில்லை. குடித்தால் ஒதுங்க வேண்டும். ஆண்கள் சுற்றி நிற்கிற தோட்டத்தில் எங்கே போய் ஒதுங்குவது?

கொஞ்ச நாளாக அவளுக்குக் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. அவள் புருஷனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. சிறுநீரகம் கெட்டு, ரத்தத்தைச் சுத்தம் செய்யக் கள்ளக்குறிச்சிக்கு நடையாய் நடந்து, ஒருநாள் கண்ணை மூடிவிட்டான். அதனால் வீக்கத்தைப் பார்த்தாலே அவளுக்குப் புருஷன் ஞாபகம்தான் வரும். மேஸ்திரி முனியன் காதுக்கு எட்டினால் வேலைக்கே சேர்க்கமாட்டான் என்ற பயம் வேறு. புடவையை இழுத்துக் கணுக்காலை மூடிக்கொள்வாள்.

அபிநயா என்ற பெண் வீடு வீடாக நோய்க் கணக்கெடுக்க வந்தபோது, "எங்க வூட்ல எல்லாரும் கல்லு மாதிரி கீறோம், போம்மா" என்று அனுப்பிவிட்டாள். மற்ற வீடுகளில் பெண்கள் வாயைத் திறந்திருந்தார்கள். கரும்பு வெட்டுகிறவர்களுக்கு நீர்க்கடுப்பும் கால்வீக்கமும் ஜாஸ்தி என்று அந்தக் கணக்கில் தெரிய வந்தது. அபிநயா ஒரு நர்சோடு திரும்பி வந்து, வெட்டுக்குப் போகிற எல்லோரிடமும் சிறுநீர் பிடிக்க டப்பா கொடுத்தாள்.

குஞ்சம்மாள் டப்பாவை வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குள் போய் ஏழு மாதக் கர்ப்பிணியான மருமகள் தனுஷாவிடம் டப்பாவை நீட்டினாள்.

"நீ பிடிச்சாந்து குடு."

"இன்னா அத்த, உன்னுதுதான கேட்டாங்க?"

"எனக்கு வரல. சொன்னா செய்யேன்."

"பாலு வாங்கியாரச் சொல்ற மாதிரி சொல்றியே!" தனுஷா சிரித்தாள். சிரித்தவள் உடனே நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். ரெண்டு நாளாகத் தலைவலி, கண் மங்குகிறது என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். வெயில் என்று விட்டுவிட்டார்கள்.

தண்ணீர்த் தொட்டியருகே நர்ஸ் டப்பாவில் தாளை நனைத்தாள். மஞ்சள் தாள் கரும்பச்சையானது.

"குஞ்சம்மா யாரு? ஒண்ணுக்குல புரதச் சத்து நெறைய வெளிய போவுதும்மா. தலவலி இருக்கா? கண்ணு மங்குதா?"

தனுஷா ரெண்டு நாளாகச் சொன்னது இதுதானே என்று குஞ்சம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"மாசமா இருக்கறவளுக்கு இப்டி இருந்தா இன்னா ஆவும்?"

"ஏன், நீங்க மாசமா?"

கூடியிருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆள் கூப்பிட வந்து பைக்கில் சாய்ந்திருந்த முனியனும் சிரித்தான். நர்ஸ் மட்டும் அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"வலிப்பு வந்துடும்மா. ரெண்டு உசுருக்கும் ஆபத்து. யாருக்கு?"

முனியன் நின்ற பக்கம் குஞ்சம்மாள் ஒருமுறை பார்த்தாள். பிறகு நர்ஸ் பக்கம் திரும்பினாள்.

"அது என்னுது இல்ல, என் மருமவளுது. எனக்குக் காலு வீங்குது. பயந்துகினு மாத்திட்டேன்."

சிரிப்பு அடங்கிப்போனது. நர்ஸ் வீட்டுக்கு ஓடித் தனுஷாவுக்கு ரத்த அழுத்தம் பார்த்தாள். பார்த்ததும் 108-ஐக் கூப்பிட்டாள். கள்ளக்குறிச்சி போகிற வழியிலேயே தனுஷாவுக்குக் கண் செருகியது. "தனுஷா, என்னப் பாருடி" என்று குஞ்சம்மாள் அவள் கையை விடாமல் கத்திக்கொண்டே போனாள்.

அறுத்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். உள்ளங்கை அகலம்தான் இருந்தது, ஆனாலும் அழுதது. தனுஷாவும் பிழைத்துக்கொண்டாள். குஞ்சம்மாளுக்குச் சிறுநீரகம் பாதி கெட்டிருந்தது. மாத்திரை போடு, தண்ணீர் குடி என்றார் டாக்டர்.

கணக்கெடுப்பில் தெரிந்ததை அபிநயா ஊராட்சியில் சொன்னாள். இப்போது வெட்டு நடக்கிற தோட்டங்களில் பெண்கள் ஒதுங்கத் தார்ப்பாய் மறைப்பு கட்டுகிறார்கள். குஞ்சம்மாளை நிறுத்தத்தான் முனியன் பார்த்தான். அவள் வராவிட்டால் நாங்களும் வரமாட்டோம் என்று பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

"குடிக்க ஒருவாட்டி, ஒதுங்க ஒருவாட்டி. கரும்ப எப்ப வெட்டுவீங்க?" என்பான்.

"நீ குடிக்காம வெட்டிக் காட்டு மேஸ்திரி, பாக்கலாம்" என்பாள் குஞ்சம்மாள்.

வாய்தான் அப்படிப் பேசும். ஒவ்வொரு மடக்குத் தண்ணீரையும் அவன் நிற்கிற திசையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் இன்றைக்கும் விழுங்குகிறாள்.