தாலிகட்டும் மீற்றரும்

கொழும்பு வெள்ளவத்தையில் முகூர்த்தம் பிந்தினால் பெண்ணைப் பெற்றவரைவிட அதிகமாகப் பதறுகிறவர் ஒருவர் உண்டு. பெயர் ஜனா. அவர் மாப்பிள்ளை வீடும் இல்லை, பெண் வீடும் இல்லை. கல்யாணங்களை வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு இணையத்தில் நேரடியாகக் காட்டுவது அவருடைய தொழில்.

முதலில் இலவசத் தளத்தில்தான் காட்டிப் பார்த்தார். நாதஸ்வரக்காரர் உற்சாகத்தில் ஒரு சினிமாப் பாட்டை எடுத்துவிட்டால் போதும், உரிமைப் பிரச்சினை என்று ஒளிபரப்பு அறுந்துபோகும், அதுவும் தாலிகட்டும் நேரம் பார்த்து. அதனால் சிங்கப்பூரில் எங்கேயோ ஓடும் ஒரு கணினியை, கிளவுட் சேர்வர் என்பார்களே, அதை வாடகைக்கு எடுக்கத் தொடங்கினார். காலையில் போட்டு, கல்யாணம் முடிந்ததும் அழித்துவிடலாம். ஓடிய நேரத்துக்கு மட்டும் காசு. நிறுத்தினால் போதாது, அழிக்கவே வேண்டும் என்பதை அவர் சூடுபட்டுத்தான் படித்தார். ஒருமுறை நிறுத்தி மறந்த சேர்வரின் டிஸ்க்குக்கு நான்கு மாதம் வாடகை ஏறிக்கொண்டே இருந்தது. பூட்டிக் கிடந்தாலும் வீட்டுக்கு வாடகை வாடகைதானே.

அவருக்குச் செலவு ஓட்டோவைப் போல மீற்றரில் ஓடும். கல்யாண வீட்டாரிடம் வாங்குவதோ பேசிய ஒரே தொகை. பெண்ணின் சோடனை அரை மணித்தியாலம் பிந்தினால் ஜனாவின் இலாபத்தில் ஒரு துண்டு போய்விடும். ஆகவே சோடனை அறைக் கதவைத் தட்டுவார், ஐயருக்கே இராகுகாலம் சொல்லிக்கொடுப்பார். "தம்பி, இங்க ஐயர் நானோ நீரோ?" என்று ஒருவர் கேட்டேவிட்டார்.

போன ஆவணியில் சிவபாதசுந்தரம் தன் மகளின் கல்யாணத்துக்கு ஜனாவைப் பிடித்தார். ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர், பெருமைக்குக் குறைவில்லாதவர். பார்ப்பதற்கான லிங்கை வாட்ஸ்அப்பில் உலகத்துக்கே அனுப்பிவிட்டார். சேர்வருக்கு மணித்தியாலத்துக்கு ஒரு பால்தேத்தண்ணிக் காசுதான். கையைக் கடிப்பது அதிலிருந்து வெளியே போகிற டேட்டா. பார்க்கிற ஒவ்வொரு திரைக்கும் அது தனித்தனியாக ஏறும்.

ஒன்பதரைக்கு நானூற்றுப் பன்னிரண்டு திரைகள். தாலிக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. செலவு எல்லையைத் தாண்டிவிட்டது என்று ஃபோனில் எச்சரிக்கை வந்தது. எச்சரிக்கைக்கு எச்சரிக்க மட்டும்தான் தெரியும், மீற்றரை நிறுத்தத் தெரியாது. இப்படியே போனால் அன்றைய கூலியோடு கைக்காசும் போகும். அந்தக் கூலியில்தான் கமராவின் தவணை கட்ட வேண்டும். ஜனா சிவபாதசுந்தரத்திடம் ஓடினார்.

"அங்கிள், நானூறு பேருக்கு மேல பாக்கினம். எனக்குக் கட்டாது. படத்தின்ர தரத்தைக் கொஞ்சம் குறைக்கட்டோ?"

"விசரே உமக்கு? என்ர பிள்ளையின்ர முகம் கலங்கித் தெரியவோ?" சிவபாதசுந்தரம் யோசித்தார். "வீட்டில ஆளுக்கொரு ஃபோனில பாக்குதுகள் போல. அதுதான் ஏறுது. பொறும்."

மணவறையடியில் இருந்த மைக்கைப் பிடித்தார்.

"வெளிநாட்டில இருந்து பாக்கிற சொந்தங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு வீட்டுக்கு ஒரு ரீவி காணும், ஆளுக்கொரு ஃபோன் வேண்டாம். எல்லாரும் ஒண்டா இருந்து பாருங்கோ. பாவம், இந்தத் தம்பிக்கு மீற்றர் ஓடுது!"

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. ஜனா வெட்கத்தில் கமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எண்ணிக்கையைப் பார்த்தார். நானூற்று ஒன்பது. சற்றுப் பொறுத்து, நானூற்று மூன்று. அதற்குமேல் இறங்கவில்லை. ஒன்பதுதான் குறைந்தது என்று சிவபாதசுந்தரத்திடம் சொன்னார்.

"என்ன, ஒன்பது பேரோ? மற்ற ஆக்களுக்குக் கேக்கேல்லையோ?"

கேட்டிருந்தது. படத்துக்குக் கீழே பதில்கள் வந்துகொண்டிருந்தன. ஜனா ஃபோனை அவர் கையில் கொடுத்தார்.

'இங்க நான் மட்டும்தான் மாமா.' 'வேலையிடத்தில ஒளிச்சிருந்து பாக்கிறன் பெரியப்பா, ஒருத்தரும் பக்கத்தில இல்லை.' 'பிள்ளையள் வேற ஊரில, நான் தனிய.' நோர்வேயில் ஒஸ்லோவிலிருந்து அவருடைய தங்கை சிவக்கொழுந்து எழுதியிருந்தார்: 'அண்ணா, ஒண்டா இருந்து பாக்க இங்க ஆர் இருக்கினம்?'

சிவபாதசுந்தரம் அதை இரண்டு தரம் வாசித்தார். அந்த முகத்தைப் பார்த்த ஜனாவுக்கு, ஏன்தான் வாயைத் திறந்தோம் என்று ஆகிவிட்டது.

"ஓட விடும் தம்பி. எவ்வளவு கூடினாலும் என்ர கணக்கு." ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு கமராவுக்கு நேரே வந்து நின்றார். "தங்கச்சி, அங்க இப்ப விடிய ஆறு மணியெல்லே? தேத்தண்ணி குடிச்சியோ?"

சில விநாடிகளில் கீழே பதில் வந்தது.

'இன்னும் இல்லை அண்ணா. தாலி கட்டட்டும்.'