எரிமலையில் கழற்றிய செருப்பு

மே மாதத்தில் அப்பாவை ஊரில் விட்டுவைக்கக் கூடாது என்பது என் பிடிவாதம். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர் அவர். வெயில் ஏற ஏற அந்த வேலையின் ஆபத்தும் ஏறும். சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு வருஷா வருஷம் பயந்து எனக்கு அலுத்துவிட்டது. கோடை விடுமுறை என்று சொல்லி, அவரையும் அம்மாவையும் ஜாவாவின் எரிமலைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

என்ன பிரயோசனம்? தன் இடத்தில் மருந்து கலக்கச் சித்தப்பாவை விட்டுவிட்டு வந்திருந்தார். விமானம் ஏறியதிலிருந்து அதே புலம்பல்தான். "அவனுக்கு அவசர புத்தி தாயி. கை பதறுனா முடிஞ்சுச்சு." பச்சை வயல், ஏரி, மேகம் என்று எதைக் காட்டினாலும் தலையை ஆட்டிவிட்டு, "இப்ப ஊர்ல மணி எம்புட்டு?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதற்கா லீவு போட்டேன்?

ஒரு காலையில் மலை உச்சிக்குப் போனோம். பள்ளத்திலிருந்து குபுகுபுவென்று புகை. படமெடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டேன். அந்நேரம் பார்த்துக் காற்று திரும்பி, கந்தக நெடி முகத்தில் அடித்தது. அப்பா என் போனைப் பிடுங்கி அணைத்துப் பைக்குள் போட்டார். செருப்பைக் கழற்றினார். வெறுங்காலோடு நின்று, பள்ளத்தின் ஓரத்துத் தடுப்பு இரும்புக் கம்பியை உள்ளங்கையால் தொட்டார். மருந்து அறைக்குள் நுழையும் முன், உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்க அவர் தினமும் செய்வது அது. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் லைட்டரை எடுத்ததும், "ஏலே, பத்த வைக்காதலே!" என்று ஒரு சத்தம். பாவம், அந்த மனுஷர் பாஷை தெரியாமலே லைட்டரை உள்ளே வைத்துவிட்டார். நானும் அம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

"கீழ போயி போனைப் போடு தாயி. இம்புட்டுக் கந்தகத்துல வேணாம்" என்றார் அப்பா.

கீழே வந்து போட்டால், சித்தி வரிசையாகக் கூப்பிட்டிருக்கிறாள். திரும்பக் கூப்பிட்டேன். மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், அதனால் சித்தப்பாவிடம் கேட்கவும் வழியில்லை. வேலை நேரத்தில் இப்படி அழைப்பு வந்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். வெறுங்காலோடு அந்தக் கரிமண்ணில் அப்பா அங்குமிங்கும் நடந்தார்.

"என் எடத்துல அவன நிறுத்திட்டு மலை பாக்க வந்துட்டேனே!"

அதற்கு முன் அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. திரும்பத் திரும்பச் சித்தி நம்பரையே போட்டேன்.

ஒருவழியாகச் சித்தி நம்பரிலிருந்து போன் வந்தது. எதிர்முனையில் சித்தப்பாவே பேசினார்.

"அண்ணே! நல்லா இருக்கீகளா?"

"நீ இருக்கியாலே?"

"எனக்கென்ன? இவ போனுக்குப் பொகை போட்டோ வந்துச்சு, ஒடனே போனு ஆஃப். நாங்க என்னன்னு நெனைக்க? மலை வெடிச்சிருச்சுன்னு இவ கம்பெனி கேட்டுக்கே ஓடியாந்து அழுதுட்டா. எனக்குக் கை நடுக்கம் நிக்கல. மருந்தத் தொடாம வெளிய வந்துட்டேன்."

"நல்லது செஞ்ச. இன்னிக்குத் தொடவே தொடாத."

போனை என்னிடம் தந்துவிட்டு அப்பா ஒரு கல்லில் உட்கார்ந்தார். "அரை மணி நேரத்துல செத்துப் பொழச்சுட்டேன்" என்றார் அம்மாவிடம்.

உச்சியிலிருந்து கையில் தூக்கிவந்த செருப்பை அம்மா அவர் காலடியில் போட்டாள்.

"ஒங்களுக்கு அரை மணி நேரந்தான். நீங்க வேலைக்குப் போற நாளெல்லாம் சாயங்காலம் வரைக்கும் நான் இப்படித்தான இருக்கேன்" என்றாள்.