பெண் பார்க்க வந்தவர் சோபாவைக் கவிழ்த்தார்

போன ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனாரைப் பெண் பார்க்க வந்த பையன், எங்கள் வீட்டு சோபாவைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டார்!

கோபத்தில் அல்ல. ரொம்ப மரியாதையாக, அனுமதி கேட்டுக்கொண்டுதான் கவிழ்த்தார். காலைத் தூக்கிக்கொண்டு சோபா நடு ஹாலில் கிடக்கிறது. பக்கத்தில் பையன் மண்டி போட்டு உட்கார்ந்து, அதன் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்கிறார். பஜ்ஜித் தட்டோடு நான் நிற்கிறேன். இவர் பெண் பார்க்க வந்தாரா, சோபா பார்க்க வந்தாரா?

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது ஆவடி குவார்ட்டர்ஸில். என் கணவருக்கும் அவர் தங்கை மனோன்மணிக்கும் ஒரே இடத்தில் வேலை — ராணுவத்துக்குத் துணி தைக்கிற தொழிற்சாலை. மனோவுக்குக் கூடாரம் தைக்கிற பிரிவு. கெட்டிக்காரி. தையல் கோணினால், தைத்தது யாராக இருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். வேலை செய்கிற இடத்தில் அதற்குப் பெயர் திறமை. பெண் பார்க்கிற இடத்தில்...?

போன தடவை வந்தவர்கள், பெண்ணுக்கு வாய் ஜாஸ்தி என்று சொல்லியனுப்பினார்கள். அதற்கு முந்தி வந்தவர்கள், உட்கார ஒரு சோபாகூட இல்லாத வீடு என்றார்களாம். மறுநாள் துணி காயப்போடும்போது மனோ என்னிடம் மட்டும் சொன்னாள்: "இன்னும் ஒரே ஒரு தடவை வந்து உக்காருறேன் அண்ணி. அதுவும் சரியா வரலைன்னா இந்தப் பேச்சே வேண்டாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் பகீர் என்றது.

மாமியார் இரண்டுக்கும் வைத்தியம் கண்டுபிடித்தார். வீட்டுக்கு ஒரு சோபா. மனோவுக்கு ஒரு வாய்ப்பூட்டு.

சோபா வாங்க அம்பத்தூருக்குப் போனோம். என் கணவருக்குக் கடைக்குள் நுழைந்ததுமே ஒன்று பிடித்துவிட்டது. சிவப்பு ரெக்சின், ஒல்லிக் கால்கள், பளபளவென்று பித்தளைப் பூண்! சினிமாவில் பணக்கார அப்பா பைப் பிடித்துக்கொண்டு உட்காருவாரே, அந்த மாதிரி. நான் மேலே ஏறிச் சம்மணம் போட்டுப் பார்த்தேன். முழங்கால் வெளியே தொங்கியது. சம்மணம் போட முடியாத சோபா நமக்கு எதற்கு? டாக்டர் வீட்டில் காத்திருக்கிற மாதிரி எத்தனை நேரம்தான் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்காருவது?

மனோ உட்காரவே இல்லை. திருப்பிப் போடச் சொன்னாள். கடைக்காரர் முனகிக்கொண்டே திருப்பினார். அடியில் ஒரு கிழிந்த சாக்கு. சாக்கை விலக்கினால் வைக்கோல்! அப்புறம் கடையில் இருந்த ஒவ்வொரு சோபாவும் அவள் முன்னால் குப்புறப் படுத்தது.

"இன்னா தங்கச்சி, நீ சோபா வாங்க வந்தியா, ரெய்டுக்கு வந்தியா?" என்றார் கடைக்காரர்.

கடைசியில் அவள் தேர்ந்தெடுத்தது, மூலையில் கிடந்த ஒரு காப்பிக்கலர் சோபா. பார்க்க ரொம்ப சாது. ஆனால் தேக்குச் சட்டம், இடைவெளி விடாமல் இழுத்துக் கட்டிய வார்கள், ஒன்றோடொன்று கயிற்றால் பிணைத்த ஸ்பிரிங்குகள், மேலே நல்ல தென்னை நார். அகலமோ தாராளம். இரண்டு பேர் சம்மணம் போட்டுப் பல்லாங்குழியே ஆடலாம்.

சோபா மாட்டு வண்டியில் ஊர்வலமாக வந்து சேர்ந்தது. வந்த அன்றே மாமியார் அதைச் சிறை வைத்துவிட்டார். கடையில் சுற்றிக் கொடுத்த பாலித்தீன் உறையைக் கழற்றக்கூடாது. அதற்கு மேல் ஒரு பெட்ஷீட். அதற்கும் மேல் அவர் கையால் பின்னிய லேஸ். சோபாவில் யாரும் உட்காரக்கூடாது! நாங்கள் எல்லாரும் பாயில் உட்கார்ந்து அதன்மேல் சாய்ந்துகொண்டு ரேடியோ கேட்டோம். உங்கள் வீட்டிலும் இதே கதைதானே?

துணிக்குக் காற்றுப் பட வேண்டும், இல்லாவிட்டால் புழுங்கி நாற்றம் எடுக்கும் என்று மனோ தலைபாடாக அடித்துக்கொண்டாள். யார் கேட்டார்கள்? ஞாயிற்றுக்கிழமை லேஸும் பெட்ஷீட்டும் போயின. பாலித்தீன் மட்டும் அப்படியே இருந்தது. அப்போதுதானே புதுசு என்று வருகிறவர்களுக்குத் தெரியும்?

கொரட்டூரிலிருந்து பையன், அப்பா, அம்மா மூன்று பேரும் வந்தார்கள். சித்திரை வெயில். சொல்லி வைத்தாற்போலக் கரண்ட் போய்விட்டது. யார் அசைந்தாலும் சோபா சரசரவென்று சத்தம் போட்டது. பையனின் அப்பா காப்பி வாங்க எழுந்தார்... பாலித்தீன் அவர் வேட்டியை விட மாட்டேன் என்றது. மனோ குனிந்த தலை நிமிராமல் இருந்தாள். பெயர் கேட்டதற்குக்கூட மாமியார்தான் பதில் சொன்னார். எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. இது எங்கள் மனோவே இல்லை.

பையனும் வாய் திறக்கவில்லை. நெளிந்தார். கைப்பிடியைத் தடவினார். திடீரென்று எழுந்து, "தப்பா நெனைக்காதீங்க, இந்த உறையை எடுத்துடலாமா? உள்ள துணி வேர்க்குது" என்றார். ரயில்பெட்டி கட்டுகிற இடத்தில் இவருக்கு வேலை சீட் பிரிவில் என்று அப்புறம்தான் தெரிந்தது.

உறை போயிற்று. தையலைத் தொட்டுப் பார்த்தார். அதோடு ஆசை தீரவில்லை போலிருக்கிறது. அனுமதி கேட்டுக் கவிழ்த்தும் விட்டார். வேலை சுத்தம், வார் பிரமாதம் என்றவர், அடியில் தைத்த கித்தான் துணி மட்டும் ஒத்தைத் தையல், சீக்கிரம் விட்டுவிடும் என்றார்.

"ஒத்தைத் தையல் இல்ல. ரெட்டை. உள்ள மடிச்சுத் தைச்சிருக்கு, நல்லாப் பாருங்க."

சொன்னது யார்? மனோதான்!

மாமியார் என் கையைக் கிள்ளினார். போச்சு, இந்த வரனும் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். பையன் மறுபடி குனிந்தார். மடிப்பை நகத்தால் நெம்பிப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"ஆமாங்க. ரெட்டைதான். நான்தான் சரியாப் பாக்கல."

அதற்கப்புறம் யாரும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. கவிழ்ந்த சோபாவுக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர். நூலுக்கு மெழுகு போடலாமா கூடாதா என்று ஒரே விவாதம். உட்கார இடம் போன பெரியவர்கள் பாயில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டார்கள்.

பையனின் அம்மா கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "இவன எத்தினி ஊட்டுக்கு இட்டுகினு போயிருப்பேன்... எங்கயும் வாயே தொறக்க மாட்டான். இங்க பாரு, எப்டி பேசிகினு கீறான். நல்ல நாளா பாத்து சொல்லு சம்பந்தியம்மா."

சம்பந்தியம்மா! கவனித்தீர்களா? மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். சந்தோஷத்தில் எல்லாருக்கும் இன்னொரு ஈடு பஜ்ஜி போட்டேன்.

அவர்கள் போனதும் மனோவிடம் கேட்டேன் — அப்படி என்ன பிடித்தது அவரிடம்?

"நான் சொன்னதும் திருப்பிப் பாத்தார் அண்ணி. தப்புன்னு தெரிஞ்சதும் எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டார். எனக்கு அது போதும்."

இந்த வாரப் பத்தியைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன்னால் என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். தானும் தப்பை உடனே ஒத்துக்கொள்கிற ஆள்தான் என்கிறார். இல்லை என்றேன்... இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்!