ஒரே பேசினில் கழுவிய கண்ணாடிகள்

விடியற்காலையில் கண்டியில் குளமும் இருக்காது, மலையும் இருக்காது. எல்லாம் பனிக்குள் போய்விடும். அந்தப் பனிக்குள்ளிருந்து அங்கம்மா வருவாள். கலஹாவிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, மேட்டிலிருந்த முதியோர் இல்லத்துக்கு மூச்சு வாங்க ஏறுவாள். எண்பத்துமூன்று கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயம் எரிந்ததோடு கொழுந்துக்கூடையை இறக்கி வைத்தவள். அதன்பிறகு பதின்மூன்று வருடம் நினைவு தப்பியவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, அவர்களிடம் திட்டு வாங்கி, பதிலுக்கு இரண்டு திட்டும் கொடுத்து வாழ்ந்தவள். கையும் வேகம், வாயும் வேகம்.

அங்கே அம்பிகைபாகன் என்றொரு பெரியவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். காது பாதி, நினைவு கால் என்று ஆகியிருந்தும் அங்கம்மாவை "பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார். அவளை அப்படிக் கூப்பிட உலகத்தில் வேறு ஆள் கிடையாது. அதற்காகவே அவர்மேல் அவளுக்கு உயிர்.

அந்த மனுஷர் நாலு மாதமாகக் கத்திக்கொண்டிருந்தார். "புகை வருது! எல்லாரையும் வெளியில எடுங்கோ!" பட்டப்பகலில், பக்கத்துக் கட்டில்காரர்களைக் கையைப் பிடித்து இழுப்பார். ஒருவருக்கு மணிக்கட்டே பிசகிவிட்டது. கலவரத்தில் கண் முன்னால் வீடு எரிந்தவர் வேறெதைச் சொல்லுவார் என்று எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

"வியாழக்கிழமை டொக்டர் வாறார். கையெழுத்து வைச்சால் கொழும்புக்கு அனுப்பவேணும். செசிலியா ரீச்சரை அனுப்பினமாதிரி" என்றார் மேட்ரன் இராஜேஸ்வரி. செசிலியா ரீச்சர் சுவரில் முட்டி, சோற்றுக்கோப்பையைத் தட்டிவிட்டு, கிட்டப் போனவர்களை அடித்து, மூன்று மாதம் முன்னால்தான் மனநல ஆசுபத்திரி வேனில் போயிருந்தார். இவரும் போனால் தெரியாத முகங்களுக்கு நடுவே ஒரு மாதம் தாங்கமாட்டார்.

வியாழக்கிழமை காலை அவருக்குச் சவரம் செய்ய மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். முகத்துக்கு நேரே குனிந்தாள். அவர் அவள் நெஞ்சில் குத்தியிருந்த பெயரட்டையைப் பார்த்தார். பார்த்தது மட்டுமா, எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"அங்... கம்... மா. எங்க பிள்ளை போனீர் இவ்வளவு நாளும்?"

கண்ணாடியைத் திரும்ப மாட்டினாள். "புகை" என்றார். கழற்றினாள். புகை போய்விட்டது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முன்பெல்லாம் கிட்டப்பார்வைக் கண்ணாடிக்குள் அவர் கண்கள் சுண்டங்காய் அளவில் தெரியும். இந்த நாலு மாதமாக முழிகள் பெரிசாகத் தெரிந்தன. பயத்தில் விழிக்கிறார் என்றல்லவா நினைத்திருந்தாள்! இது அவர் கண்ணாடியே இல்லை.

நாலு மாதத்துக்கு முன்னால் தண்ணீர் வெட்டு நடந்தது. ஒரு மணி நேரம்தான் குழாயில் தண்ணீர். எல்லார் கண்ணாடியையும் சேர்த்து ஒரே பேசினில் சவர்க்காரம் போட்டுக் கழுவும் கெட்டித்தனத்தைக் கண்டுபிடித்தவள் அவள்தான். அத்தனையும் தடித்த கறுப்புச் சட்டம். கைக்கு வந்ததை முகத்துக்கு மாட்டியவளும் அவள்தான். நினைவு தப்பியவர்கள் 'இது என்னுடையது இல்லை' என்று எப்படிச் சொல்லுவார்கள்?

அழ நேரமில்லை. அவர் காதுக் கருவிக்குப் புது பட்டரி போட்டாள், அதன் குழாயில் அடைத்திருந்த அழுக்கை எடுத்தாள். ஜன்னல் வெளிச்சம் டொக்டர் முகத்தில் விழும்படி கதிரையை இழுத்துப் போட்டாள்.

"அவரு கண்ணாடி இல்லாம இருக்காரு, ஒரு சாண் தள்ளி நின்னு பேசுங்க ஐயா. மெதுவா. வாயைப் பாக்கட்டும்" என்று டொக்டர் தனபாலனுக்கே கட்டளை போட்டாள்.

அவர் சிரித்துக்கொண்டே குனிந்தார். "ஐயா, புகை இருக்கோ?"

"எங்க புகை?" என்றார் அம்பிகைபாகன். "நீர் ஆர்? ரிக்கற் எடுத்தனீரோ?"

டொக்டர் பேனாவை மூடினார். மேட்ரனுக்கே கண் கலங்கிவிட்டது. "அப்ப இது ஆருடைய கண்ணாடி?" என்று கேட்டார்.

அங்கம்மாவுக்குத் தெரியும். முழியைப் பெரிசாகக் காட்டும் கண்ணாடி அங்கே ஒருவருக்குத்தான் இருந்தது; அவர் வேனில் போய்விட்டிருந்தார்.

மறுநாள் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு கொழும்பு பஸ் ஏறினாள். வழியில் மூன்று இடத்தில் இறக்கிச் சோதித்தார்கள். மூன்று தடவையும் துணியை அவிழ்த்து, மூன்று தடவையும் சுற்றினாள். தூக்கமா விழிப்பா என்று தெரியாத பயணம். தென்னைகள் பின்னால் ஓடிக்கொண்டேயிருந்தன.

செசிலியா ரீச்சர் வார்டின் மூலையில் சுவரைத் தடவிக்கொண்டு இருந்தார். மூக்கில் அம்பிகைபாகனின் கண்ணாடி. அங்கம்மா அதை மெல்லக் கழற்றினாள். கையை உதறிய ரீச்சரைத் தடவிக் கொடுத்து, அவருடையதை மாட்டினாள்.

ரீச்சர் கூரையை, ஜன்னலை, தன் கைகளைப் பார்த்தார்.

"கறண்ட் வந்திட்டுதோ? எத்தினை நாள் இருட்டு!"

மின்வெட்டு என்று நினைத்துக்கொண்டு நாலு மாதம் இருந்திருக்கிறார் அந்த மனுஷி. அங்கம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாலதான் ரீச்சர். நான்தான் கண்ணாடியை மாத்திப் போட்டுட்டேன்" என்று அவர் மடியில் முகத்தை வைத்து அழுதாள்.

ரீச்சருக்கு எவ்வளவு விளங்கியதோ. அவள் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"அழாதை பிள்ளை. உனக்கும் இருட்டாத்தானே இருந்திருக்கும்."