தேய்ந்த மெட்டி

தூத்துக்குடியில் லோடு இறக்கிவிட்டு வெறும் வேனோடு ஏழாயிரம்பண்ணைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒட்டப்பிடாரத்துப் பக்கம் பழைய போர்க்களம் ஒன்றை வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். ஓரத்தில் சிப்பாய்களின் கல்லறைகள். எட்டாவதோடு நின்றவன் நான்; எங்கே எழுத்தைக் கண்டாலும் நின்று வாசிப்பேன். வண்டியை நிறுத்தினேன்.

கூட வந்த லோடுமேன் இறங்கவில்லை. அவனுக்கு முன்பல் இரண்டு போய் ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. உடைத்தவர் அவனுடைய சகலை.

இருவரின் மனைவிமாரும் அக்காள் தங்கச்சி. ஒரே பட்டாசுக் கம்பெனியில், ஒரே அறையில் வெடிகளுக்குள் மருந்து செலுத்தினார்கள். உரசினால் பற்றும் என்பதால் உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது. மெட்டிகளைக் கழற்றி ஒரு தூக்குவாளியில் போட்டு, வேப்பமரத்தில் மாட்டிவிட்டு உள்ளே போவார்கள். போன மாதம் அந்த அறை வெடித்தது. கருவேலங்காட்டில் கிடந்த ஒரு கையை நான்தான் சாக்கில் எடுத்தேன். அக்காள் கையா, தங்கச்சி கையா என்று கேட்டார்கள். எவருக்கும் தெரியவில்லை. வெந்த உடம்பை மறுபடி எரிக்கக் கூடாதென்று, கிடைத்ததையெல்லாம் ஒரே குழியில் புதைத்தோம்.

தூக்குவாளி நசுங்காமல் தொங்கியது. உள்ளே ஒரே அச்சில் இரண்டு ஜோடி மெட்டி. ஒரு ஜோடி மட்டும் தேய்ந்திருந்தது. மூத்தவளுடையதுதான் தேயும் என்றார் அவள் புருஷன். அதிகம் நடந்தவள் தன் பெண்டாட்டிதான் என்றான் இவன். கருமாதிப் பந்தலிலேயே விறகுக்கட்டையால் அடித்துக்கொண்டார்கள். நான்கு மெட்டியையும் இவன் இடுப்பில் முடிந்துகொண்டு திரிந்தான்.

"இங்கனதான் மருந்துக் கிடங்கு இருந்துச்சு" என்று எனக்குக் காட்டிவிட்டு, அந்த இடத்துக் காவலாளி பீடி பற்றவைத்தார். வேனிலிருந்து ஓடிவந்த லோடுமேன் அவர் கையில் ஓங்கி அறைந்து, விழுந்த பீடியை வெறுங்காலால் மிதித்தான்.

காவலாளி கையை உதறினார். "அந்த மருந்து தீந்து எறநூறு வருசம் ஆச்சு, அண்ணாச்சி. சிவகாசிப் பக்கமா நீங்க?"

அவன் கல்லறைப் பக்கம் நடந்தான். எழுத்தில்லாத ஒரு மேட்டைப் பார்த்து, "இதுல யாரு?" என்றான்.

"துண்டுதுண்டா கெடந்தவங்க. எது எவன் காலுன்னு யாரு பாத்தா? அள்ளிப் போட்டு மூடிட்டாக."

"பொண்டாட்டிமாரு சண்ட போடலையா?"

"எந்தக் குழின்னே அவுகளுக்குத் தெரியாதே. எங்கன வந்து போடுறது?"

அவன் அங்கேயே உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தான். மெட்டிகளை மேட்டின் மேல் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு போனை எடுத்தான்.

"சகலை, நாந்தான். தேஞ்சதுல ஒண்ணு, தேயாததுல ஒண்ணு ஒங்களுக்கு. மிச்சம் ரெண்டு எனக்கு."

சகலை பேசுவது எனக்கும் கேட்டது.

"ஏலே" என்றது குரல். "எங்கன இருக்க?"

"ஒட்டப்பிடாரம்."

"பல்லு வலிக்கா?"

"வலிக்கு."

"சரி, வா."

துண்டின் ஒரு முனையில் இரண்டு, மறுமுனையில் இரண்டாக முடிந்துகொண்டு அவன் வண்டியில் ஏறினான்.