முதல் விரல் அவருடையது

"யம்மா, நம்ம சார் பூட்டாரும்மா" என்று கன்னியம்மாள் போனில் அழுதபோது எனக்குக் கோபம்தான் வந்தது. போன ஞாயிற்றுக்கிழமைகூட என்னோடு சண்டை போட்ட மனுஷன், சொல்லாமல் கொள்ளாமல் இப்படியா போவது? "காத்தால கழனிக்குப் போய் வந்து குந்தினாராம். எழுந்துக்கவே இல்ல. நீ வந்துடும்மா" என்றாள். உடனே சென்னையிலிருந்து சாரின் ஊரான திருப்புலிவனத்துக்குப் பஸ் ஏறினேன்.

ருக்மாங்கதன் சாரோடு வேலை பார்த்து, இன்று இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை. தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு கம்பெனியின் கருவியில் பதிந்த கைரேகையை இன்னொரு கம்பெனியின் கருவி படிக்க வேண்டுமானால், இருவரும் ஒரே மாதிரி குறித்துக்கொள்ள வேண்டும்: ரேகைக் கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது, எந்தக் கோணத்தில் சாய்கிறது என்று. அந்த விதிகளை எழுதிய குழுவில் அவர் மூத்தவர், நான் வாயாடி. ஒரு வரிக்காகப் பொழுது சாயும்வரை வாதாடுவார். "டீயாவது குடிக்க விடுங்க சார்" என்றால், "குடி. குடிச்சிக்கினே பதில் சொல்லு" என்பார்.

வரைவு முடிந்ததும் சோதனையைத் தன் ஊர்ப்பக்கம்தான் வைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். "ஏசி ரூம்ல குந்தினு கீறவன் விரலைப் படிச்சா அது இன்னா சோதனை? நாத்து நட்ட விரலைப் படிக்கட்டும்." உத்திரமேரூரில் ஒரு கம்பெனியின் கருவி, சாலவாக்கத்தில் வேறொரு கம்பெனியின் கருவி. எங்கே பதிந்தாலும், மருத்துவ முகாமில் விரலை வைத்தால் ஆள் இன்னார் என்று தெரிய வேண்டும். அதுதான் ஏற்பாடு.

உத்திரமேரூரில் பதிவு நடந்த அன்று, அந்தப் பக்கம் களையெடுக்க வந்திருந்த இருளர் பெண்கள் கருவியின் கிட்டேயே வரவில்லை. சாலவாக்கம் ஏரிக்கரையில் குடியிருப்பவர்கள். "எங்க திருட்டு போனாலும் எங்க ஆளுங்களத்தான் இஸ்துக்கினு போய் ரேகை எடுப்பாங்க. இப்ப நாங்களே வந்து குடுக்கணுமா?" என்று கேட்டாள் கன்னியம்மாள். சார் தன் ஆள்காட்டி விரலைக் கருவியில் வைத்தார். "மொத விரல் என்னுது. உனக்கு இன்னா ஆவுதோ அது எனக்கும் ஆவும்." அவள் முன்னால் வந்து விரலைப் பதிந்து, தன் பெயர் போட்ட முகாம் கார்டை வாங்கிக்கொண்டாள். மற்றவர்கள் போய்விட்டார்கள்.

அடுத்த வாரம் சாலவாக்கத்தில் முகாம். வரிசையில் நின்ற மற்றவர்கள் அங்கேயே பதிந்தவர்கள். எல்லோருக்கும் பச்சை விளக்கு. கன்னியம்மாளுக்குச் சிவப்பு. புடவையில் துடைத்துவிட்டு வைத்தாள். மறுபடியும் சிவப்பு. "கூலி வேலை செய்யறவங்க விரல் தேஞ்சிருக்கும்" என்றான் கம்பெனி ஆள். முகாம் அலுவலர் அதோடு விடவில்லை. "யாரு கார்டும்மா இது? எங்க எடுத்த?" என்று அதட்டினார். ஆள்மாறாட்டம் என்று ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். அவள் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அங்கிருந்தே சாரைப் பார்த்தாள்.

நான் அலுவலரிடம் கத்தத் தொடங்கினேன். "இன்னாத்துக்குக் கத்தற? நீ கத்தினா மெஷின் பச்சை காட்டிடுமா?" என்று என்னை அடக்கிவிட்டு, சார் போய்த் தன் விரலை வைத்தார்.

சிவப்பு.

"எழுதிக்குங்க. நானும் ஆள்மாறாட்டம்தான்" என்றவர், போய்க் கன்னியம்மாள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துகொண்டார். அந்த வட்டாரத்தில் அவரைத் தெரியாத ஆள் கிடையாது. அலுவலர் "சார், நீங்க எழுந்திருங்க சார்" என்று கெஞ்சினார். சார் அசையவில்லை. ஜீப் வந்து நின்றது. இறங்கிய சப் இன்ஸ்பெக்டரிடம், "ரெண்டு பேருக்கும் ஒரே லைட்டுதான் எரிஞ்சுது. அவங்கள ஏத்தினா என்னையும் ஏத்துங்க" என்றார். சப் இன்ஸ்பெக்டர் அலுவலரைப் பார்த்தார். அலுவலர் கருவியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து ஜீப் வெறுமனே திரும்பிப் போனது.

காரணத்தை அன்று மாலையே கண்டுபிடித்தோம். உத்திரமேரூர் கருவி கோணத்தை இடமாகச் சுற்றி அளந்திருந்தது, சாலவாக்கத்துக் கருவி வலமாக. எந்தப் பக்கம் சுற்றி அளப்பது என்று எங்கள் வரைவில் ஒருவருமே எழுதவில்லை. தனக்குத் தெரிந்த பக்கம்தான் ஊருக்கெல்லாம் தெரிந்த பக்கம் என்று ஆளாளுக்கு நினைத்திருக்கிறோம். "கோயிலுக்கு வர்றவனுக்கு எந்தப் பக்கம் சுத்தணும்னு சொல்ல வேணாம். மெஷினு எந்தக் கோயிலுக்குப் போச்சு?" என்று சார் தலையில் அடித்துக்கொண்டார். இந்தச் சின்ன விஷயத்தை அடிக்குறிப்பில் போடலாமே என்றார்கள் குழுவில். "அடிக்குறிப்புல போட்டா கன்னியம்மா ஜீப்புல ஏறணும்" என்றார் சார். இடமாகச் சுற்றி அளக்க வேண்டும் என்று விதியிலேயே ஏறியது. "சாமிக்கு வலம், விரலுக்கு இடம்" என்று என்னிடம் கண்ணடித்தார்.

திருப்புலிவனத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். கன்னியம்மாள் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, அவருடைய ஆள்காட்டி விரலைத் தன் இரண்டு கைக்குள்ளும் பிடித்திருந்தாள். உறவுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். சாரின் மனைவி "இருக்கட்டும் விடுங்க" என்றார். என்னைப் பார்த்ததும், "மொத விரலும்மா இது" என்றாள் கன்னியம்மாள். அதுவரை வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. பாடையைத் தூக்கும்வரை அவள் விடவில்லை.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்த ஒரு வழக்கத்தைத்தான். அடுத்த மாதம் வாலாஜாபாத்தில் புதிய கருவிகளைச் சோதிக்கிறோம். யார் விரலில் தொடங்குவது என்று குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன்கள் கேட்டார்கள். என் விரலில்தான். சிவப்பு விளக்கு எரிந்தால் எங்கே போய் உட்கார வேண்டும் என்று எனக்குத் தெரியும்.